வார்டன் பெயரில் அறுபது சொற்கள்

‘அப்சீக்வியஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘மிகுந்த பணிவுள்ள’ என்று பென்சிலில் பொருள் எழுதி மனப்பாடம் செய்திருந்த நான், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு, ஏன் அங்கே படிக்க விரும்புகிறேன் என்று விளக்கி அனுப்ப வேண்டிய நோக்க அறிக்கையில், என் ஆசிரியர்களிடம் நான் எப்போதும் அப்சீக்வியஸாக நடந்துகொண்டவன் என்று பெருமையோடு ஒரு வரி எழுதினேன். அதை வாங்கிப் படித்த என் அறைத்தோழன் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தான். அவன் மதுரைக்காரன், கான்வென்டில் படித்தவன். சிரித்து முடித்தபின், “மாப்ள, இதைப் படிச்சா அவன் உனக்கு சீட்டு தரமாட்டான்டா, காரைத் தொடைக்கக் கூப்பிடுவான்” என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அகராதியை எடுத்துக் காட்டினேன். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அது பணிவு இல்லடா, கூழைக்கும்பிடு” என்று சொல்லிவிட்டு என் காகிதத்தில் அந்த வரியின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டான்.

இது நடந்தது 2009இல், கோவைக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில். மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எங்கள் மாடியில் பாதிப் பேர், அமெரிக்காவில் மேற்படிப்புக்குச் சேர எழுத வேண்டிய ஜி.ஆர்.இ. தேர்வை எழுதப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்ததால், நானும் உக்கடத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் பேரம் பேசி ஒரு தடித்த வழிகாட்டி நூலை வாங்கி வந்திருந்தேன். அதில் 3500 ஆங்கிலச் சொற்களின் பட்டியல் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த எனக்கு, ஒரு பக்கத்தில் ஏற்கெனவே தெரிந்த சொல் இரண்டோ மூன்றோ அகப்பட்டால் அது நல்ல பக்கம். அன்றைய ஜி.ஆர்.இ.யில் எதிர்ச்சொல் வினாக்கள் உண்டு. பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்கு நேர் எதிரான பொருளை ஐந்து விடைகளிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். இரண்டு சொற்களுக்கு இடையிலான உறவைக் கண்டு அதே உறவுள்ள வேறு இணையைத் தேடும் ஒப்புமை வினாக்களும் உண்டு. எதிலும் முன்னும் பின்னும் வாக்கியம் இருக்காது. சொல் தனியாக நிற்கும், அதைத் தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் ஊகிக்கக்கூட வழியில்லை. 2011 ஆகஸ்டில் தேர்வை மாற்றியமைத்தபோது இந்த இரண்டு வகை வினாக்களையும் எடுத்துவிட்டார்கள் என்றாலும், எங்கள் கூட்டத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஆகவே நாளுக்கு முப்பது சொல், ஒவ்வொன்றுக்கும் பென்சிலில் ஒரு தமிழ்ப் பொருள் என்று நெட்டுரு போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நெட்டுருவில் எங்கே கோளாறு என்பது கூழைக்கும்பிட்டுக்குப் பிறகுதான் புரியத் தொடங்கியது. என்னிடம் இருந்த கையடக்க ஆங்கிலம்–தமிழ் அகராதி மிகவும் நாகரிகமானது. எந்தச் சொல்லுக்கும் பட்டு வேட்டி கட்டிய ஒரு தமிழ்ச் சொல்லைத்தான் எதிரே நிறுத்தும். ஆனால் அந்த 3500 சொற்களில் கணிசமானவை, ஆங்கிலேயர்கள் ஒருவரையொருவர் நாசூக்காகத் திட்டிக்கொள்வதற்காகவே வைத்திருக்கும் சொற்கள். கஞ்சனுக்கு ஒரு கை விரல்கள் போதாத அளவுக்குச் சொற்கள், வாயாடிக்கு அதே அளவு, பிடிவாதக்காரனுக்கு அதைவிட அதிகம். அவற்றின் பொருளில் பாதி அவற்றின் தொனியில் இருக்கிறது. தொனியை உதிர்த்துவிட்டுப் பொருளை மட்டும் எழுதி வைத்தால், வசவு ஒன்றைப் பாராட்டு என்று நம்பிக்கொண்டு அதை நம் நெஞ்சிலேயே குத்திக்கொள்ள நேரும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பின்தொடர்தல், இணங்கி நடத்தல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த அப்சீக்வியஸ் முற்காலத்தில் உண்மையாகவே ‘கடமை தவறாத, கீழ்ப்படிதலுள்ள’ என்ற நல்ல பொருளில் வழங்கியிருக்கிறது. நான் நோக்க அறிக்கையை நானூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன்.

மறுநாள் கல்லூரிக் கூட்டுறவு அங்காடியில் நீளவாக்கில் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கினோம். விதி ஒன்றுதான்: எந்தச் சொல்லுக்கும் பொருள் எழுதக்கூடாது, வாக்கியம்தான் எழுத வேண்டும், அந்த வாக்கியத்தை வகுப்பில் உரக்கப் படித்தால் எழுதியவன் மாட்டிக்கொள்ள வேண்டும். முதல் பக்கத்தில் இருப்பவை இன்னும் நினைவில் இருக்கின்றன. துறைத்தலைவரின் ஸ்கூட்டரை நிழலுக்குத் தள்ளி வைத்தே இன்டர்னல் மதிப்பெண் வாங்குபவன் அப்சீக்வியஸ். அவர் சொல்லும் ஜோக்குக்கு, அவர் சொல்லி முடிப்பதற்கு முன்பே சிரிப்பவன் சிகோஃபன்ட், அதாவது ஜால்ரா. கல்லூரி வேலையாக வகுப்புக்கு வராததை வருகையாகக் கணக்கிடும் ஓ.டி. கையெழுத்து எப்போது கிடைக்கும் என்று நாம் முழங்கை அளவுக்கு விளக்கிக் கேட்டால் “திங்கள்” என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டு, எந்தத் திங்கள் என்பதைச் சொல்லாத அலுவலக உதவியாளர் லகோனிக். ராகிங் புகாருக்குச் சாட்சி சொல்கிறேன் என்று இரவெல்லாம் வீரம் பேசிவிட்டுக் காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவன் பஸிலானிமஸ். அந்தக் கடைசி வாக்கியத்தில் வருபவன் நான்தான், எழுதியது என் அறைத்தோழன்.

பஸிலானிமஸ் என்ற சொல்லை லத்தீனில் பிரித்தால் ‘மிகச் சிறிய உள்ளம்’ என்று வரும். அகராதி ‘கோழைத்தனமான’ என்கிறது. கோழை என்பது பொதுப்பெயர். அதில் படம் இல்லை. நோட்டில் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் அவன் எழுதியிருந்த ‘தொடைநடுங்கி’ என்ற சொல்லில்தான் படமும் ஏளனமும் சேர்ந்து வந்தன. சிகோஃபன்ட் கதையும் இப்படித்தான். கிரேக்கத்தில் அதன் நேர்ப்பொருள் ‘அத்திப்பழம் காட்டுபவன்’. ஏதென்ஸில் பொய் வழக்குப் போட்டுக் காட்டிக்கொடுப்பவர்களை அப்படி அழைத்தார்கள், ஏன் அத்திப்பழம் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நமக்கு அந்தச் சிக்கலே இல்லை. பாடகரின் பின்னால் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே தட்டும் ஜால்ராவைப் பார்த்த யாருக்கும் அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. தமிழில் மரியாதையற்ற சொற்களுக்குப் பஞ்சமே கிடையாது என்பதும், மேட்டிமையான ஆங்கிலச் சொற்களுக்குச் சரியான இணை பெரும்பாலும் செந்தமிழில் இல்லாமல் தேநீர்க்கடைத் தமிழில் கிடைக்கிறது என்பதும் எனக்கு அந்த நோட்டில்தான் தெரியவந்தன.

‘ஃபுல்சம்’ என்ற சொல்லுக்கு மட்டும் நாங்கள் வாக்கியமே எழுதவில்லை. ‘ஃபுல்’ என்று தொடங்குவதால் அது நிறைவான பாராட்டைக் குறிக்கும் என்று நினைக்கத் தோன்றும்; தேர்வுக்கு வேண்டிய பொருளோ, கேட்பவருக்கே கூச்சம் வரும் அளவுக்குத் திகட்டத் திகட்டப் புகழ்வது. கல்லூரி வாசலில் ஒரு திருமண ஃபிளக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் மாப்பிள்ளையை அவருடைய நண்பர்கள் சிங்கம் என்றும் சிகரம் என்றும் கொங்கு மண்டலத்தின் விடிவெள்ளி என்றும் வர்ணித்திருந்தார்கள். பேருந்தில் அதைக் கடக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் “ஃபுல்சம்” என்று முணுமுணுப்பார். இரண்டு வாரம் கழித்து ஃபிளக்ஸைக் கழற்றிவிட்டார்கள். அந்தச் சொல் கழலவில்லை.

இப்படிக் கற்பது புதிய கண்டுபிடிப்பு என்று நாங்கள் இறுமாந்திருந்தோம். உண்மையில் நான் ஒன்பதாம் வகுப்பிலேயே இதே வழியில் ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றிருந்தேன். நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் சோறு வரத் தாமதமான எரிச்சலில் காளமேகம் பாடியதாக வழங்கும் வெண்பாவில், பொழுது அத்தமிக்கும்போதுதான் அரிசியே வந்து சேரும். குத்தி உலையில் இடும்போது ஊர் அடங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். அத்தமித்தல் என்ற சொல்லை எனக்கு எந்த அருஞ்சொற்பொருள் பட்டியலும் கற்பிக்கவில்லை, பசித்தவனின் அந்த நக்கல்தான் கற்பித்தது. ஆங்கிலத்திலும் இதற்கு முன்னோர் இருக்கிறார்கள். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, ஓட்ஸ் என்ற தானியத்தை இங்கிலாந்தில் பொதுவாகக் குதிரைகளுக்குக் கொடுப்பார்கள், ஸ்காட்லாந்தில் அது மக்களைத் தாங்குகிறது என்று விளக்குகிறது. அகராதி எழுதுபவர் என்ற சொல்லுக்கு, தீங்கில்லாமல் மாடாய் உழைக்கும் பிறவி என்று தன்னையே குத்திக்கொண்டு பொருள் எழுதினார் அவர். அந்த அகராதியில் ஏறக்குறைய 42,000 சொற்கள் இருந்தும், இரண்டரை நூற்றாண்டு கழித்து எல்லாரும் எடுத்துக் காட்டுவது இந்த நாலைந்து விளக்கங்களைத்தான்.

நினைவாற்றலைப் பற்றிய ஆய்வுகளில் தலைப்பிள்ளை என்று சொல்லத்தக்க ஒரு நூலை 1885இல் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் வெளியிட்டார். பொருளே இல்லாத அசைகளை வரிசையாக எழுதிவைத்துத் தம்மையே சோதனைப் பொருளாக்கி மனப்பாடம் செய்து, மறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்தவர் அவர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக பைரனின் ‘டான் ஹுவான்’ காவியத்திலிருந்து சில செய்யுள்களையும் மனப்பாடம் செய்தார். பொருளற்ற அசைகளுக்கு ஆன உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் அதற்குத் தேவைப்பட்டது. ஆங்கிலக் கவிதையில் மரியாதையற்ற குறும்புக்குப் பெயர்போன ஒரு காவியத்தைப் பொறுக்கியெடுத்தாரே என்று நான் மகிழ்ந்தாலும், அந்தச் சோதனையில் உதவியது குறும்பு என்று சொல்லிவிட முடியாது; பொருளும் சந்தமும் எதுகையும்தான் அங்கே வேலை செய்தன. பென்சிலில் ‘மிகுந்த பணிவுள்ள’ என்று எழுதிப் படித்த நாட்களில் நான் செய்துகொண்டிருந்தது ஏறக்குறைய எப்பிங்ஹவுஸின் அசை மனப்பாடம்தான் என்பதை மட்டும் துணிந்து சொல்லலாம்.

நோட்டு நாற்பது பக்கத்தைத் தாண்டியபோது ஒரு பிரச்சினை முளைத்தது. எங்கள் வார்டன் மீது எங்களுக்கு இருந்த மனக்குறை அளவில்லாததாக இருந்ததால், எண்ணிப் பார்த்தபோது அறுபது சொற்கள் அவர் பெயரில் இருந்தன. அவர் ஆப்டியூரேட், இன்ட்ரான்சிஜென்ட், ரீகால்சிட்ரன்ட் (மூன்றும் பிடிவாதத்தின் வகைகள்), டிராகோனியன் (கொடுங்கண்டிப்பு), பார்சிமோனியஸ் (கஞ்சத்தனம்), கேருலஸ் (வாயாடித்தனம்), சாங்க்டிமோனியஸ் (போலிப் புனிதம்). மாதிரித் தேர்வில் ‘ஆப்டியூரேட்’ என்ற சொல் வந்ததும் எனக்கு உடனே வார்டனின் முகம் தெரிந்தது, மீசை தெரிந்தது, சாவிக்கொத்து தெரிந்தது. ஆனால் இந்தச் சொல் அவருடைய பிடிவாதத்துக்கா, கஞ்சத்தனத்துக்கா, இரவு பத்து மணிக்கு மேல் நடக்கும் உபதேசத்துக்கா என்பது மட்டும் தெரியவில்லை. ஒரே ஆணியில் அறுபது சட்டைகளை மாட்டியிருந்தோம்.

ஒரே மாதிரியான பொருட்களின் வரிசையில் வேறுபட்டு நிற்பது மட்டும் நன்றாக நினைவில் நிற்கும் என்று ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1933இல் காட்டியிருக்கிறார். எல்லா வாக்கியமும் நக்கல் என்றால் நக்கலுக்கு அந்தத் தனித்தன்மை போய்விடுகிறது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து வார்டனின் சொத்துகளைப் பிரித்துக் கொடுத்தோம். இன்ட்ரான்சிஜென்ட், கூட்டணிப் பேச்சுவார்த்தையில் ஒரு தொகுதிக்காக மூன்று நாள் முறுக்கிக்கொள்ளும் கட்சிக்குப் போனது. ரீகால்சிட்ரன்ட், எவ்வளவு உதைத்தாலும் கிளம்பாத அறைத்தோழனின் பழைய பைக்குக்குப் போனது. அந்தச் சொல்லின் லத்தீன் வேரே ‘குதிகாலால் திருப்பி உதைப்பது’ என்பதால், கிக்கர் திருப்பி அடித்து அவன் கணுக்கால் வீங்கியிருந்ததும் பொருத்தமாக அமைந்தது. டிராகோனியன் மட்டும் வார்டனிடமே இருந்தது. அது ஏதென்ஸில் சிறு திருட்டுக்கும் மரண தண்டனை விதித்ததாகச் சொல்லப்படும் டிராகோவின் பெயரிலிருந்து வந்த சொல். அறையில் மின்சார ஹீட்டர் வைத்திருந்ததற்காக ஒரு மாதம் வெளியே அனுப்பப்பட்ட எங்களுக்கு அதை வேறு யாருக்கும் கொடுக்க மனமில்லை.

‘எனர்வேட்’ போன்ற சொற்களுக்கு இந்த முறை கைகொடுத்தது போல வேறெதுவும் கொடுக்கவில்லை. ‘எனர்ஜி’ என்பதன் சாயலில் இருப்பதால் ஊக்கம் தருவது என்றே எல்லாரும் எழுதுவார்கள். உண்மையில் நரம்பை உருவியெடுத்தது போல் ஆளைத் துவளச் செய்வது என்று பொருள். மதியம் இரண்டு மணிக்கு, மெஸ் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறி ஓடாத அறையில் நடக்கும் தெர்மோடைனமிக்ஸ் வகுப்பு என்று ஒரு வரி எழுதியதோடு அந்தக் குழப்பம் தீர்ந்தது. ஆனால் பாதித் தமிழில் எழுதும் இந்த வாக்கியங்களுக்கு ஒரு குறை உண்டு. சொல் எந்த முன்னிடைச்சொல்லோடு கூடி வரும் என்பது அதில் தெரியாது. ‘இம்பெர்வியஸ்’ என்பதை அடுத்து ‘டு’ வருமா ‘ஆஃப்’ வருமா என்று அடித்துக்கொண்டபின், ‘தி வார்டன் இஸ் இம்பெர்வியஸ் டு டியர்ஸ்’ என்று முழு ஆங்கிலத்திலேயே எழுதத் தொடங்கினோம். அதற்குப் பிறகுதான் அந்தச் சொற்களைப் பேசவும் வந்தது.

தேர்வில் எனக்கு வெர்பல் பகுதியில் 800க்கு 560 வந்தது. கல்விக் கடன் கிடைக்காததால் அமெரிக்கா போகவில்லை. கோவையிலேயே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே நோட்டின் இன்னொரு முகம் தெரிந்தது. ஓராண்டு முடிவில் வெளிநாட்டு மேலாளர் ஒருவர் என் மதிப்பீட்டுப் படிவத்தில், நான் எழுதிய நிரல் நினைவகத்தைப் பயன்படுத்துவதில் ‘ஃப்ரூகல்’ என்று குறிப்பிட்டிருந்தார். எங்கள் நோட்டில் ஃப்ரூகல் என்பதற்கு, சாம்பாரில் பருப்பை எண்ணிப் போடச் சொல்லும் வார்டன் என்று இருந்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. நான் எதையும் குறைத்துச் செய்யவில்லை, கொடுத்த வேலையைக் கொடுத்தபடியே செய்தேன் என்று அரைப் பக்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அவர் நான் உங்களைப் பாராட்டித்தானே எழுதினேன் என்று வியப்போடு பதில் எழுதியபோதுதான், கூழைக்கும்பிட்டில் செய்த பிழையைத் தலைகீழாகச் செய்திருக்கிறேன் என்று உறைத்தது. வசவுச் சொல்லுக்கு நக்கல் வாக்கியம் பொருந்தும்; நல்ல சொல்லை அதே அச்சில் வார்த்தால் அதுவும் வசவாகிவிடும். ஃப்ரூகல் என்பது வீணாக்காத சிக்கனம்; அந்தச் சாம்பாருக்கு உரிய சொல் கஞ்சத்தனத்தைச் சொல்லும் பார்சிமோனியஸ்.

இப்போது அக்கா மகள் வங்கி அதிகாரித் தேர்வுக்குப் படிக்கிறாள். அவளுடைய கைபேசிச் செயலி தரும் உதாரண வாக்கியங்களில் யாரோ ஒரு ஜான் யாரோ ஒரு கூட்டத்தில் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறான். அவனுக்கு முகமும் இல்லை, ஊரும் இல்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவளிடம் பழைய நோட்டைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன். முதல் பத்துப் பக்கத்துக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அடங்கிவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். பருத்த உடலைக் குறிக்கும் ‘கார்புலென்ட்’ என்ற சொல்லுக்கு எதிரே, மெஸ்ஸில் தோசை ஊற்றும் மாஸ்டரின் வயிற்றைப் பற்றியும், அவர் கல்லுக்கு முன்னால் நின்றால் வெளிச்சம் மறைவதைப் பற்றியும் நான் எழுதியிருந்த மூன்று வரிகளில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். “மாமா, இவர் உங்களை என்ன பண்ணினாரு?” என்றாள்.

அவர் எங்களை ஒன்றும் செய்யவில்லை. காலை நான்கு மணிக்கு எழுந்து அறுநூறு பேருக்கு மாவு கரைத்தவர். தேர்வு நாட்களில் தாமதமாக வந்தால் அடுப்பை அணைத்தபின்னும் திரும்பப் பற்றவைத்து இரண்டு தோசை ஊற்றித் தந்தவர். வார்டனைப் பற்றிய வாக்கியங்களை இன்று படித்தாலும் எனக்குக் குற்ற உணர்வு வருவதில்லை, அவர் கையில் சாவிக்கொத்து இருந்தது. மாஸ்டர் கையில் கரண்டிதான் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த மூன்று வரிகளை அடித்துவிட்டுக் கீழே வேறொன்று எழுதினாள்: ‘கார்புலென்ட் என்ற சொல்லுக்கு வாக்கியம் எழுதும்போது மாமாவுக்கு வயது இருபது; இப்போது எழுதினால் கண்ணாடியைப் பார்த்து எழுதலாம்.’

அதன் பிறகு ஃப்ரூகல், பார்சிமோனியஸ் இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று பேச்சு வந்தது. சமையலறை ஜன்னல் கம்பியில், என் அம்மா கழுவிக் காயப்போட்ட ஆவின் பால் கவர்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. எடைக்குப் போட்டால் பத்து ரூபாய்கூட வராது. ஆனாலும் மாதம் தவறாமல் சேர்த்துப் போடுவார். நான் அவற்றைக் காட்டி, இது ஃப்ரூகல் என்றேன். இல்லை, இது பார்சிமோனியஸ்தான் என்று அவள் வாதாடினாள். நான் விடாமல், காலையில் உன் இலையில் பொங்கலுக்கு எத்தனை கரண்டி நெய் விழுந்தது, நீ போதும் போதும் என்று கையை வைத்து மறைத்தும் விரலுக்கு மேலேயே ஊற்றினார்களா இல்லையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “என்ன கண்ணு, என்னையப் பத்தித்தான பேசறீங்க ரெண்டு பேரும்?”

“இல்லீங்க அம்மாயி, வார்டனைப் பத்தி” என்று சொல்லிக்கொண்டே அவள் நெய் என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டாள்.